அச்சாணியில் சிக்கனம் வேண்டாம்



கோலாலம்பூரின் லோயாட் பிளாசாவானாலும் சரி, சிங்கப்பூரின் சிம் லிம் ஸ்குவேரானாலும் சரி, கணினி பொருத்தித் தரும் கடைக்கு வரும் குடும்பங்கள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலத்தான் இருக்கின்றன. ப்ராசசர் என்ன? ரேம் எத்தனை ஜிபி? சேமிப்பு எத்தனை டிபி? கடைக்காரர் விலைப்பட்டியலை எடுத்து நீட்டுகிறார். மேல் வரிகளில் பெயர்களும் எண்களும் பளிச்சென்று தெரிகின்றன. கடைசி வரியில் "கேசிங், பவர் சப்ளையுடன்" என்று மட்டும் இருக்கிறது. அந்தப் பவர் சப்ளை யார் தயாரித்தது, அதற்கு எத்தனை ஆண்டு வாரண்டி என்று கேட்பவர் மிகச் சிலர்.

அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்பது பழமொழி. வீட்டுக் கணினியின் அச்சாணி அந்தக் கடைசி வரியில்தான் இருக்கிறது. கணினி எவ்வளவு வேகமாக ஓடும் என்பதை மேல் வரிகள் தீர்மானிக்கின்றன. எத்தனை ஆண்டு ஓடும் என்பதைக் கீழ் வரிகள் தீர்மானிக்கின்றன. இன்றைய உரையின் சாரம் இவ்வளவுதான்.

இது பொழுதுபோக்குக்காரர்களின் கவலை என்று ஒதுக்கிவிட முடியாது. 2020ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் தேதி மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்து, பள்ளிகள் மூடப்பட்டன. அந்த ஆண்டு கல்வி அமைச்சு மாணவர்களிடையே ஒரு கணக்கெடுப்பு நடத்தியது. 36.9 விழுக்காட்டு மாணவர்களிடம் எந்தக் கருவியும் இல்லை என்பது அதில் தெரியவந்தது. மேசைக் கணினி வைத்திருந்தவர்கள் ஏறத்தாழ 6 விழுக்காட்டினர் மட்டுமே. வீட்டுக் கணினி நான்காம் ஆண்டில் செயலிழந்தால், வசதியான வீட்டில் அது ஒரு நாள் எரிச்சல். கணக்குப் பார்த்துக் குடும்பம் நடத்தும் வீட்டில், அது ஒரு பிள்ளையின் தேர்வு ஆண்டையே பாதிக்கும். பிள்ளை படிவம் 1இல் சேரும்போது வாங்கிய கணினி எஸ்பிஎம் எழுதும் வரையிலும், அதற்கு மேல் படிவம் 6 முடியும் வரையிலும் உழைக்க வேண்டும் என்று பெற்றோர் எதிர்பார்ப்பது பேராசை அல்ல. ஏழெட்டு ஆண்டு உழைக்கும் கணினியைப் பொருத்திக்கொள்வது முடியாத காரியமும் அல்ல.

மூன்று வகைப் பாகங்கள்

நீண்ட ஆயுள் என்ற கண்ணோட்டத்தில் கணினியின் பாகங்களை மூன்றாகப் பிரித்துப் பார்க்கலாம்.

முதல் வகை, எளிதில் பழுதாகாதவை. ப்ராசசரும் ரேமும் இந்த வகை. இவற்றில் அசையும் பாகம் இல்லை. பெயர் பெற்ற ரேம் நிறுவனங்கள் பல ஆயுட்கால வாரண்டி தருவதற்குக் காரணமும் அதுதான்.

இரண்டாம் வகை, பழுதாகும், ஆனால் தனியாகப் பழுதாகும். காற்றாடியும் வன்தட்டும் எஸ்எஸ்டியும் இதில் அடங்கும். ஒன்று கெட்டால் அதை மட்டும் கழற்றிவிட்டுப் புதிதாகப் போடலாம்.

மூன்றாம் வகை, கெடும்போது அண்டை வீட்டையும் சேர்த்துக் கொளுத்திவிட்டுப் போகக்கூடியது. பவர் சப்ளைதான் அது. சுவரிலிருந்து வரும் 230 வோல்ட்டு மின்சாரத்தை 12, 5, 3.3 வோல்ட்டாக மாற்றி எல்லாப் பாகங்களுக்கும் அனுப்புவது அதன் வேலை. அது தவறினால் மதர்போர்டு, எஸ்எஸ்டி என்று எது வேண்டுமானாலும் கூடவே போகலாம்.

பணத்தை ஒதுக்கும்போது இந்த வரிசையைத் தலைகீழாகப் பார்க்க வேண்டும். மற்றவற்றைக் கெடுக்கக்கூடியது எதுவோ, அதற்கே முதல் கவனம்.

உப்பிப்போன கெப்பாசிட்டர்கள்

இதற்குக் கணினி வரலாற்றிலேயே ஒரு பெரிய பாடம் இருக்கிறது. 1999 முதல் 2007 வரையிலான ஆண்டுகளில் உலகெங்கும் மதர்போர்டுகள் இரண்டு மூன்று ஆண்டுகளிலேயே செயலிழந்தன. திறந்து பார்த்தால், சிறு உருளை வடிவிலான மின்தேக்கிகளின், அதாவது கெப்பாசிட்டர்களின், தலைப்பகுதி உப்பியிருந்தது. சிலவற்றில் பழுப்பு நிறத் திரவம் கசிந்திருந்தது. உள்ளே ஊற்றப்பட்ட மின்பகு திரவத்தின் கலவை சரியில்லாததால் வாயு உண்டாகி, உலோக உறையைப் பிதுக்கிவிட்டது. டெல் நிறுவனம் இத்தகைய பழுதுகளைச் சரிசெய்வதற்காக 2005ஆம் ஆண்டில் 30 கோடி அமெரிக்க டாலரை ஒதுக்க வேண்டியதாயிற்று.

ஒரு கெப்பாசிட்டரின் விலை சில காசுகள்தான். அந்தச் சில காசுப் பொருள் ஆயிரக்கணக்கான ரிங்கிட் மதிப்புள்ள இயந்திரத்தைச் செயலற்றதாக்கிவிட்டது. இந்த அனுபவத்துக்குப் பிறகு மதர்போர்டு நிறுவனங்கள் திரவம் இல்லாத திட வகைக் கெப்பாசிட்டர்களுக்கு மாறின. இன்று கடைகளில் கிடைக்கும் மதர்போர்டுகளில் பெரும்பாலும் அவையே உள்ளன. ஆனால், பவர் சப்ளையின் உள்ளே நிலைமை வேறு. உயர்ந்த வோல்ட்டேஜைத் தாங்க வேண்டிய பெரிய கெப்பாசிட்டர் இன்னும் திரவ வகையாகவே இருக்கிறது. அதன் தரம் பெட்டிக்குள் ஒளிந்திருக்கிறது. வாங்குபவர் கண்ணுக்கு அது தெரிவதில்லை.

வெப்பம் போடும் கணக்கு

திரவக் கெப்பாசிட்டரின் ஆயுளைக் கணிக்கப் பொறியாளர்கள் ஓர் எளிய விதியை வைத்திருக்கிறார்கள். வெப்பம் 10 டிகிரி செல்சியஸ் குறைந்தால் ஆயுள் இரட்டிப்பாகும். 10 டிகிரி கூடினால் பாதியாகும்.

மலிவான கெப்பாசிட்டர் ஒன்றின் உறையில் 85 டிகிரி என்று அச்சிட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். 85 டிகிரியில் 2,000 மணி நேரம் தாங்கும் என்று அதன் நிறுவனம் சொல்கிறது. கேசிங்கின் உள்ளே அது 65 டிகிரியில் வேலை செய்தால் ஆயுள் 8,000 மணி நேரம். நாளொன்றுக்கு 8 மணி நேரம் கணினி ஓடினால், ஆண்டுக்கு 2,920 மணி நேரம். ஆக, மூன்று ஆண்டு முடிவதற்குள் அதன் கதை முடிந்துவிடும்.

அதே இடத்தில் 105 டிகிரியில் 2,000 மணி நேரம் தாங்கும் கெப்பாசிட்டர் இருந்தால் என்ன ஆகும்? 65 டிகிரியில் அதன் ஆயுள் 32,000 மணி நேரம். கிட்டத்தட்ட 11 ஆண்டு. இரண்டுக்கும் விலையில் உள்ள வேறுபாடு மிகச் சிறியது. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அந்த மலிவான கெப்பாசிட்டரே 55 டிகிரியில் ஓடினால் ஐந்தரை ஆண்டு தாங்கும். காற்றோட்டத்தால் 10 டிகிரியைக் குறைத்தால் அதுவே பெரிய ஆதாயம்.

இவை தாளில் போடும் கணக்குகள். நாள் குறித்துச் சொல்லும் சோதிடம் அல்ல. ஆனால் திசை தெளிவாகத் தெரிகிறது. குளிர்சாதனம் இல்லாத வீடுகளில் நண்பகலில் அறையின் வெப்பமே 30 டிகிரியைத் தாண்டும் நாடு மலேசியா. கேசிங்கின் உள்ளே அது இன்னும் ஏறும். குளிர் நாடுகளில் தப்பித்துக்கொள்ளும் மலிவான பாகம் இங்கே சீக்கிரம் விழுந்துவிடுகிறது.

பவர் சப்ளையை எடை போடுவது எப்படி?

பெட்டியில் 500 வாட் என்று பெரிதாக எழுதியிருப்பதைக் கண்டு நம்பிவிடக்கூடாது. பக்கவாட்டில் ஒட்டியுள்ள அட்டவணையைப் படிக்க வேண்டும். அதில் 12 வோல்ட்டு என்ற கட்டத்தின் கீழ் எத்தனை ஆம்பியர் என்று போட்டிருக்கும். அந்த எண்ணை 12ஆல் பெருக்கினால் உண்மை தெரிந்துவிடும். 18 ஆம்பியர் என்றிருந்தால் 216 வாட் மட்டுமே. இன்றைய கணினி தனக்கு வேண்டிய மின்சாரத்தில் பெரும்பகுதியை 12 வோல்ட்டு வழியாகத்தான் எடுக்கிறது. எனவே, 500 வாட் என்பது வெறும் அலங்காரம். நேர்மையான 450 வாட் பவர் சப்ளையில் அதே கட்டத்தில் 36 அல்லது 37 ஆம்பியர் இருக்கும்.

எழுத்து வேலை, இணையம், படம் பார்த்தல், பிள்ளைகளின் பாடம் ஆகியவற்றுக்கான கணினிக்கு 450 வாட்டே தாராளம். தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத கணினி 100 வாட்டைத் தாண்டுவதே அபூர்வம். ஆகவே பெரிய எண் தேவையில்லை. நல்ல எண் போதும்.

அடுத்து 80 பிளஸ் முத்திரை. 2004ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட இந்தத் திட்டம், சுவரிலிருந்து எடுக்கும் மின்சாரத்தில் குறைந்தது 80 விழுக்காட்டையாவது கணினிக்குக் கொடுக்கிறதா என்று சோதிக்கிறது. பின்னர் புரோன்ஸ், சில்வர், கோல்ட் என்று படிகள் வந்தன. இது மின் சிக்கனத்துக்கான முத்திரை. நீண்ட ஆயுளுக்கான சான்றிதழ் அல்ல. இருப்பினும் வீணாகும் மின்சாரம்தான் வெப்பமாகிறது. வீண் குறைந்தால் வெப்பம் குறையும், வெப்பம் குறைந்தால் ஆயுள் கூடும். படுமோசமானவற்றை வடிகட்ட இந்த முத்திரை ஒரு சல்லடை.

அதைவிட நம்பத்தக்க அடையாளம் வாரண்டி. ஓராண்டு வாரண்டி தரும் பவர் சப்ளைகளும் உள்ளன, 5, 7, 10 ஆண்டு வாரண்டி தருபவையும் உள்ளன. 10 ஆண்டு பொறுப்பேற்கும் நிறுவனம் உள்ளே மட்டமான கெப்பாசிட்டரை வைத்தால் அதன் கையே சுடும். வாங்குபவரால் உள்ளே திறந்து பார்க்க முடியாது. நிறுவனத்துக்குத் தன் பொருளின் மீது எவ்வளவு நம்பிக்கை இருக்கிறது என்பதை வாரண்டியில் பார்க்க முடியும். கூடவே மிகை வோல்ட்டேஜ், மிகை மின்னோட்டம், குறுக்கு மின்னோட்டம் ஆகியவற்றிலிருந்து பாதுகாப்பு உண்டா என்பதையும் பெட்டியில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இதில் இன்னொரு நன்மையும் உண்டு. 1995ஆம் ஆண்டில் இன்டெல் நிறுவனம் வகுத்த ஏடிஎக்ஸ் அளவு இன்றும் வழக்கில் இருக்கிறது. அந்த அளவுப்படி அமைந்த பவர் சப்ளையை அடுத்த கணினிக்கும் கழற்றிப் போடலாம். நல்ல பவர் சப்ளைக்குக் கூடுதலாகக் கொடுத்த 100 ரிங்கிட்டை இரண்டு கணினிகளுக்குப் பிரித்துப் பார்த்தால், அது செலவாகவே தெரியாது. தனிப்பட்ட அளவில் செய்யப்பட்ட சிறிய தயார்க் கணினிகளில் இந்த வசதி இல்லை. அதே நிறுவனத்தின் பாகத்தைத்தான் தேடி அலைய வேண்டும்.

இடியும் மின்னலும்

கிள்ளான் பள்ளத்தாக்கில் ஆண்டுக்கு ஏறக்குறைய 200 நாள் இடி கேட்கிறது. உலகிலேயே மின்னல் அதிகம் விழும் பகுதிகளுள் இதுவும் ஒன்று. மின்னல் வீட்டின் மேல் விழ வேண்டும் என்பதில்லை. அருகில் விழுந்தாலே கம்பிகளில் மின்னழுத்தம் திடீரென்று எகிறும்.

முன்பு ஸ்திரீமிக்ஸ் இணையம் செப்புத் தொலைபேசிக் கம்பியில் வந்தது. மின்கம்பி வழியாக வராத மின்னல், தொலைபேசிக் கம்பி வழியாக மோடத்துக்குள் வந்து, அங்கிருந்து மதர்போர்டுக்குத் தாவியது. இன்றைய ஃபைபர் இழை கண்ணாடியால் ஆனது, மின்சாரத்தைக் கடத்தாது. அந்த வாசல் அடைபட்டுவிட்டது. மின்கம்பி என்ற வாசல் இன்னும் திறந்தே இருக்கிறது.

மின்னெழுச்சியைத் தடுக்கும் சர்ஜ் புரொடெக்டர் வாங்குவது நல்லது. ஆனால், இரண்டு செய்திகளை மறக்கக்கூடாது. வீட்டு மின்இணைப்பில் எர்த் சரியாக இருந்தால்தான் அது முழுமையாக வேலை செய்யும். பழைய வீடுகளில் இதை உரிமம் பெற்ற மின்பணியாளரிடம் காட்டிச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். அடுத்து, சர்ஜ் புரொடெக்டரின் உள்ளே உள்ள பாகம் ஒவ்வோர் அடியையும் தாங்கித் தாங்கித் தேய்ந்துபோகும். ஐந்தாறு ஆண்டு பழையதில் விளக்கு எரிந்தாலும் காவல் இல்லாமல் போயிருக்கலாம். எல்லாவற்றையும்விடச் சிறந்த பாதுகாப்புக்குக் காசே வேண்டாம். வானம் இருட்டினால் சுவிட்சை மட்டும் அடைக்காமல், பிளக்கையே பிடுங்கிவிட வேண்டும்.

ப்ராசசர்: முதல் இடம் வேண்டாம்

ப்ராசசர் எளிதில் பழுதாகாது என்பது பொதுவான உண்மை. அதற்கும் விதிவிலக்கு உண்டு. இன்டெலின் 13, 14ஆம் தலைமுறை மேசைக் கணினிப் ப்ராசசர்கள் பல, தேவைக்கு மேற்பட்ட வோல்ட்டேஜைக் கேட்டுப் பெற்றதால் நாளடைவில் தடுமாறத் தொடங்கின. 2024ஆம் ஆண்டில் இன்டெல் அதை ஒப்புக்கொண்டு, பயாஸ் வழியாகத் திருத்தம் வெளியிட்டது. அத்துடன் பாதிக்கப்பட்ட வகைகளுக்கான 3 ஆண்டு வாரண்டியை 5 ஆண்டாக நீட்டித்தது. வேகப் போட்டியில் முதலிடம் பிடிப்பதற்காக விளிம்பு வரை முறுக்கப்பட்டவற்றில்தான் இந்தத் தொல்லை பெரிதாகப் பேசப்பட்டது.

குடும்பத்துக்கு இதில் இரண்டு பாடங்கள் உள்ளன. வரிசையின் உச்சியில் இருப்பதை வாங்க வேண்டாம்; நடுவில் இருப்பதே போதும், அது சூடாகாமல் ஓடும். ஏற்கெனவே அந்தத் தலைமுறைக் கணினி வீட்டில் இருந்தால், பயாஸ் புதுப்பிக்கப்பட்டதா என்று கடைக்காரரிடம் கேட்க வேண்டும்.

கிராஃபிக்ஸ் உள்ளேயே அமைந்த ப்ராசசரை வாங்கினால் தனிக் கார்டு தேவையில்லை. விலை மட்டுமல்ல, வெப்பமும் காற்றாடி எண்ணிக்கையும் குறையும். இல்லாத பாகம் பழுதாவதில்லை.

மதர்போர்டில் கவனிக்க வேண்டியது அதன் எதிர்காலம். ஏஎம்டி நிறுவனத்தின் ஏஎம்4 சாக்கெட் இதற்கு நல்ல உதாரணம். 2017ஆம் ஆண்டில் முதல் ரைசன் ப்ராசசருடன் வாங்கப்பட்ட மதர்போர்டுகள் பலவற்றில், பயாஸைப் புதுப்பித்துவிட்டு 2022ஆம் ஆண்டில் வெளிவந்த ப்ராசசரைப் பொருத்த முடிந்தது. அதாவது ஐந்து ஆண்டுக்குப் பிறகு ஒரே ஒரு பாகத்தை மாற்றிக் கணினியை இளமையாக்கிக்கொள்ள முடிந்தது. ரேமுக்கு நான்கு இடம் உள்ள மதர்போர்டையும் அதே காரணத்துக்காகத்தான் தேட வேண்டும். இன்று 16 ஜிபி போட்டுவிட்டுப் பின்னர் தேவைப்படும்போது கூட்டிக்கொள்ளலாம். 2025ஆம் ஆண்டு இறுதியில் நினைவகச் சில்லுகளின் விலை கடுமையாக ஏறியதைப் பார்த்தவர்களுக்கு, எல்லாவற்றையும் ஒரே நாளில் வாங்க வேண்டிய கட்டாயம் இல்லாத கணினியின் அருமை தெரியும்.

காற்றாடி, தூசி, பல்லி

கேசிங்கில் வண்ண விளக்குகளையும் கண்ணாடி முகப்பையும் பார்த்து மயங்குகிறவர்கள் உண்டு. முகப்பு கண்ணாடியால் மூடியிருந்தால் காற்று எங்கிருந்து வரும்? முன்பக்கம் வலைபோல் இருப்பதும், கழற்றிக் கழுவக்கூடிய தூசி வடிகட்டி இருப்பதும்தான் முக்கியம். காற்று முன்பக்கம் நுழைந்து பின்பக்கம் வெளியேற வேண்டும்.

காற்றாடி என்ன விலை என்று கேட்பதோடு நின்றுவிடாமல், அதன் பேரிங் என்ன வகை என்றும் கேட்க வேண்டும். ஸ்லீவ் பேரிங் மலிவு; சூட்டில் அதன் எண்ணெய் வற்றி, கரகரவென்று சத்தமிட்டு நின்றுவிடும். பால் பேரிங்கும் ஃபுளூயிட் பேரிங்கும் நீண்ட நாள் உழைக்கும். 120 மில்லிமீட்டர் என்ற பொது அளவில் உள்ள காற்றாடிகளை வாங்கினால், பிற்காலத்தில் எந்தக் கடையிலும் மாற்று கிடைக்கும்.

பின்பக்கத்தில் பயன்படுத்தாத ஓட்டைகளுக்கு மூடி போட்டிருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். இந்தச் செய்தி வெளிநாட்டு இதழ்களில் வருவதில்லை. சூடு தேடி உள்ளே நுழையும் பல்லியும் எறும்புக் கூட்டமும் மதர்போர்டில் குறுக்கு மின்னோட்டத்தை உண்டாக்கிப் பழுதாக்குவது இப்பகுதி வீடுகளில் சாதாரணம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, மென்மையான தூரிகையால் தூசியைத் தட்ட வேண்டும். அப்போது காற்றாடியை விரலால் பிடித்துக்கொள்வது நல்லது.

எஸ்எஸ்டி: தேய்மானப் பயம் வேண்டாம், நகல் வேண்டும்

எஸ்எஸ்டி எழுத எழுதத் தேயும் என்று கேள்விப்பட்டுப் பலர் அஞ்சுகிறார்கள். கணக்குப் போட்டால் அச்சம் தெளியும். பெயர் பெற்ற 500 ஜிபி எஸ்எஸ்டிகள் பலவற்றுக்கு 300 டிபி வரை எழுதலாம் என்றும், 5 ஆண்டு வாரண்டி என்றும் நிறுவனங்கள் குறிப்பிடுகின்றன. வீட்டில் நாளொன்றுக்கு 20 ஜிபி எழுதினாலும் ஆண்டுக்கு 7.3 டிபிதான். அந்த வேகத்தில் 300 டிபியை எட்ட 41 ஆண்டு ஆகும்.

உண்மையான ஆபத்து தேய்மானம் அல்ல; திடீர் மரணம். பழைய வன்தட்டு சாகுமுன் பெரும்பாலும் டக் டக் என்று முனகும். எஸ்எஸ்டி பல நேரங்களில் நேற்று வரை ஓடிவிட்டு, இன்று காலையில் கண் திறக்காது. வன்தட்டும் அழியாத பொருள் அல்ல. பல்லாயிரக்கணக்கான வன்தட்டுகளை இயக்கி ஆண்டுதோறும் கணக்கு வெளியிடும் பேக்பிளேஸ் நிறுவனத்தின் அறிக்கைகளில், ஆண்டுக்கு நூற்றில் ஒன்று அல்லது இரண்டு வன்தட்டுகள் பழுதாவதாகத் தெரிகிறது.

ஆகவே, பிள்ளையின் பாடக் கோப்புகளும் குடும்பப் படங்களும் ஒரே இடத்தில் இருக்கக்கூடாது. வெளி வன்தட்டில் ஒரு நகல் எடுத்து, அதைக் கணினியிலிருந்து கழற்றித் தனியே வைக்க வேண்டும். நீடித்து உழைக்க வேண்டியது இயந்திரம் மட்டுமல்ல, அதில் சேர்த்துவைத்த உழைப்பும்தான்.

நல்ல இயந்திரமும் ஓய்வுபெறும்

பாகங்கள் எல்லாம் நலமாக இருக்கும்போதே கணினி காலாவதியாகிவிடுவதும் உண்டு. 2015ஆம் ஆண்டில் வந்த வின்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் தேதி முடிவுக்கு வந்தது. 2021இல் வந்த வின்டோஸ் 11, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியையும் குறிப்பிட்ட தலைமுறைக்குப் பிந்தைய ப்ராசசரையும் கேட்கிறது. இன்டெல் என்றால் பொதுவாக 8ஆம் தலைமுறையிலிருந்து. இதனால் நன்றாக ஓடிக்கொண்டிருந்த கணினிகள் உலகெங்கும் தள்ளிவைக்கப்பட்டன.

பழைய பாகங்களை மலிவாக வாங்க நினைப்பவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். 7ஆம் தலைமுறை ப்ராசசரைப் பாதி விலைக்குக் கொடுத்தாலும், அது குடும்பத்துக்கு ஆதாயம் ஆகாது. ஏற்கெனவே அத்தகைய கணினி வீட்டில் இருந்தால் தூக்கி எறியவும் வேண்டாம். லினக்ஸ் இயங்குதளத்தை இலவசமாக நிறுவி, பாதுகாப்புப் புதுப்பித்தல்களுடன் இன்னும் சில ஆண்டு பயன்படுத்தலாம். இணையத்துக்கும் எழுத்து வேலைக்கும் அது போதும்.

சட்டமும் பற்றுச்சீட்டும்

பொருள் நீடித்து உழைக்க வேண்டும் என்பது வாங்குபவரின் ஆசை மட்டுமல்ல. மலேசியாவின் 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம், ஒரு பொருளின் தரம் ஏற்கத்தக்கதா என்று பார்க்கும்போது அது நீடித்து உழைப்பதா என்பதையும் ஓர் அளவுகோலாக வைத்திருக்கிறது. கடைக்காரர் கைவிரித்தால் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தை நாடலாம். 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை அது விசாரிக்கிறது. மனுக் கட்டணம் 5 ரிங்கிட். வழக்கறிஞர் தேவையில்லை.

ஆனால் ஆதாரம் வேண்டும். பொருத்தித் தரும் கடையில் "கணினி ஒன்று" என்று ஒரே வரியில் பற்றுச்சீட்டு எழுதித் தந்தால் ஏற்றுக்கொள்ளக்கூடாது. ஒவ்வொரு பாகத்தின் பெயர், வகை, வரிசை எண், வாரண்டிக் காலம் ஆகியவை தனித்தனி வரியாக இருக்க வேண்டும். வாரண்டி தருவது உள்நாட்டு விநியோகிப்பாளரா என்றும் கேட்க வேண்டும். வெப்பத் தாளில் அச்சிட்ட பற்றுச்சீட்டு ஓரிரு ஆண்டில் மங்கிவிடும். அன்றைக்கே கைப்பேசியில் படம் எடுத்து வைத்துவிட வேண்டும். பெட்டிகளையும் எறியாமல் வைத்திருப்பது நல்லது. பத்து ஆண்டு வாரண்டி கொடுத்தும், பற்றுச்சீட்டு இல்லாததால் வெறுங்கையோடு திரும்புவது பரிதாபம்.

எதற்கு முதலில்?

நேயர்களே, இவை அனைத்தையும் ஒரு வரிசையில் அடக்கலாம். வரவுசெலவு எதுவானாலும் முதலில் நல்ல பவர் சப்ளைக்கு ஒதுக்க வேண்டும். அடுத்து, பின்னாளில் வளர இடம் தரும் மதர்போர்டு. மூன்றாவது, காற்றோட்டமான கேசிங்கும் நல்ல காற்றாடிகளும். நான்காவது, நம்பத்தக்க எஸ்எஸ்டியும் நகல் எடுக்க ஒரு வெளி வன்தட்டும். ஐந்தாவது, மீதிப் பணத்துக்கு ஏற்ற ப்ராசசரும் ரேமும். பணம் போதவில்லை என்றால் ஐந்தாவதில் ஒரு படி இறங்கலாம், முதலாவதில் இறங்கக்கூடாது. ப்ராசசரில் ஒரு படி இறங்கினால் ஒரு கோப்பு திறக்க ஒரு வினாடி கூடுதலாகக் காத்திருக்க நேரலாம். பவர் சப்ளையில் ஒரு படி இறங்கினால் மொத்தக் கணினியையும் பணயம் வைத்ததாகும்.

ஐ.நா. ஆதரவில் வெளியிடப்பட்ட உலக மின்கழிவு அறிக்கையின்படி, 2022ஆம் ஆண்டில் உலகில் 6 கோடியே 20 லட்சம் டன் மின்கழிவு உண்டானது. அதில் முறையாகச் சேகரிக்கப்பட்டு மறுசுழற்சிக்குச் சென்றது நாலில் ஒரு பங்குக்கும் குறைவு. எட்டு ஆண்டு உழைக்கும் கணினியை வாங்கும் குடும்பம் தன் பணத்தைக் காப்பாற்றிக்கொள்வதோடு, அந்தக் குப்பை மேட்டில் இன்னொரு பெட்டி சேராமலும் பார்த்துக்கொள்கிறது.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை காற்றாடியை மாற்றும்போதோ ரேமைக் கூட்டும்போதோ பிள்ளையையும் பக்கத்தில் உட்காரவைத்து, திருப்புளியை அவன் கையிலும் அவள் கையிலும் கொடுங்கள். கழற்றிப் பார்த்த பொருளை யாரும் எளிதில் குப்பையில் போடுவதில்லை.